நீலமலையில் நகர் கண்ட சலிவன் துரை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. தாவரவியல்)

ஊட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே நம் உடலில் ஒரு குளிர்ச்சி பரவும். ஏரியும் மலர்க் கண்காட்சியும் மலை ரயிலும் கண்முன் வந்து நிற்கும். அக்கினி நட்சத்திர வெயிலில் தாம்பரத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு ஊட்டியை எண்ணிப் பெருமூச்சு விடாதவர் நம்மில் யார்? ஆனால், இன்று நீலகிரி மாவட்டத்தின் தலைநகராக விளங்கும் உதகமண்டலம் 200 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நகரமே அன்று. தோடர்கள் எருமை மேய்த்துக்கொண்டிருந்த புல்வெளியாக அது இருந்தது. அங்கே முதன்முதலாகக் கல்லால் வீடு கட்டிக் குடியேறிய ஐரோப்பியர் ஒருவரால்தான் அவ்விடம் ஊராயிற்று. அவர் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன்.

வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவரின் வரலாறு நமக்கு எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கலாம். காரணங்கள் இரண்டு உண்டு. அவர் கட்டிய அந்தக் கல் வீடு இன்று ஓர் அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் இருக்கிறது. நம்மைப் போலவே வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகள் பலர் அங்கே படிக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. இரண்டாவது காரணம் நிலத்தைப் பற்றியது. அதைக் கட்டுரையின் போக்கில் சொல்கிறேன்.

சலிவன் 1788-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். நாம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் வயதில், அதாவது 15 வயதில், கிழக்கிந்தியக் கும்பினியில் எழுத்தர் வேலை பெற்றுச் சென்னைக்குக் கப்பல் ஏறிவிட்டார். எழுத்தர் என்றதும் குமாஸ்தா என்று எண்ணிவிட வேண்டாம். கும்பினியின் சிவில் உத்தியோகத்தில் அதுதான் முதற்படி. அந்தப் படியில் கால் வைத்தவர்கள் கலெக்டராகவும் ஆலோசனைச் சபை உறுப்பினராகவும் உயர வழியிருந்தது. சலிவனும் அவ்வாறே பல பதவிகளைக் கடந்து 1815-இல் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கலெக்டர் ஆனார். 1830 வரை ஏறத்தாழ 15 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அக்காலக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் எல்லைக்குள் நீலமலையும் அடங்கியிருந்தது.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபோதே நீலமலை கும்பினியின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் கைக்கு வந்த மலையில் கால் வைக்க அவர்களுக்கு வெகுநாள் ஆயிற்று. 1812-இல் வில்லியம் கீஸ் என்ற நில அளவை உதவியாளரும் மக்மஹான் என்பவரும் மலையேறி ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு இறங்கினர். 1818-இல் சலிவனின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி ஆகிய இருவரும் ஏறினர். மேலே ஒரு குளிர்ந்த பீடபூமி இருக்கிறது என்று அவர்கள் வந்து சொன்ன செய்தி கலெக்டரின் ஆவலைத் தூண்டியது. 1819 ஜனவரியில் சலிவன் தாமே புறப்பட்டார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சலிவன் நீலமலையைக் கண்டுபிடித்தார் என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகிய மக்கள் வழிவழியாக வாழ்ந்துகொண்டிருந்த மலையை இன்னொருவர் வந்து எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? தோடர் எருமை வளர்த்தனர். படகர் உழுது பயிரிட்டனர். கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்தனர். ஒருவர் பண்டத்தை ஒருவர் பெற்று வாழும் முறை அங்கே நன்கு வேரூன்றியிருந்தது. உதகமண்டலம் என்ற பெயரிலேயே மந்து என்ற சொல் ஒளிந்திருக்கிறது. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. சென்னையில் வெளிவந்த மெட்ராஸ் கெஜட் பத்திரிகையில் 1821 மார்ச்சில் வந்த ஒரு கடிதத்தில்தான் அப்பெயர் முதன்முதலாக அச்சேறியது. அங்கேயும் அது வோட்டக்கிமண்டு என்று வாய்க்கு வந்தபடி சிதைந்திருந்தது. ஆகவே, வெளியுலகுக்கு அம்மலையை அறிமுகம் செய்தவர் என்று சலிவனைச் சொல்வோமானால் அது பொருத்தமாக இருக்கும்.

அதே 1819-இல், மே மாதம், அவர் மீண்டும் மலையேறினார். இம்முறை அவருடன் வந்தவர் லெஷனோ தெ லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலார். பிரான்சு மன்னருக்காகச் செடிகொடிகளைத் திரட்டிக்கொண்டிருந்த அவர் அப்போது உடல்நலம் குன்றியிருந்தார். மலைக்காற்றுப் பட்டதும் தேறிவிட்டார். தாவரவியல் மாணவன் என்ற முறையில் இவரைப் பற்றி ஒரு வரியாவது எழுதாவிட்டால் எங்கள் துறையார் என்னை மன்னிக்கமாட்டார்கள்! மூட்டுவலிக்குத் தேய்க்கும் வின்டர்கிரீன் தைலம் எடுக்கப்படும் நீலகிரிச் செடி, நெடுங்காலம் இந்தப் பிரெஞ்சுக்காரரின் பெயரைத் தாங்கியே தாவரவியல் நூல்களில் இடம்பெற்றிருந்தது.

நோயுற்றவர் ஒருவர் தம் கண்ணெதிரே தேறியதைச் சலிவன் கண்டார். அதன் பிறகு அவர் மனம் முழுவதும் மலைமேலேயே இருந்தது எனலாம். அக்காலத்தில் சமவெளியில் பணியாற்றிய ஐரோப்பியர் காய்ச்சலாலும் காலராவாலும் கொத்துக் கொத்தாக மடிந்தனர். மலேரியாவுக்குக் காரணம் கெட்ட காற்று என்றே மருத்துவர்களும் நம்பினர். கொசுவின் வேலை அது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான். ஆகவே, ஏறத்தாழ 7,350 அடி உயரத்தில் குளிரும் தூய காற்றும் நிறைந்த ஓரிடம் இருக்கிறது, நோயாளிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பாமல் இங்கே அனுப்புங்கள் என்று சலிவன் அரசுக்கு விடாமல் எழுதினார். ஊட்டி தோன்றியது சுற்றுலாவுக்காக அன்று. சானடோரியமாகத்தான் அது தோன்றியது.

சானடோரியம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. தாம்பரத்தில் ரயில் ஏறினால் கடற்கரை நோக்கிய வழியில் அடுத்த நிலையத்தின் பெயரே அதுதான். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து அவர்கள் காசநோயாளிகளுக்காக இங்கே நிறுவிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. நல்ல காற்றைத் தேடி நோயாளிகள் வந்த இடங்கள் பின்னர் ஊராகி, நெரிசலாகி, அந்தக் காற்றையே இழப்பது ஊட்டிக்கும் நம் பகுதிக்கும் பொதுவான கதையாக இருக்கிறது.

சலிவன் முதலில் வீடு கட்டியது கோத்தகிரிக்கு அருகிலுள்ள கன்னேரிமுக்கில். பெத்தக்கல் பங்களா என்று பெயர் பெற்ற அவ்வீடு பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்து, அண்மைக் காலத்தில் புதுப்பிக்கப்பட்டு அவருடைய நினைவில்லமாக இருக்கிறது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு மலைப்பாதை தேவைப்பட்டது. லெப்டினன்ட் மெக்பெர்சன் என்ற படை அதிகாரியின் மேற்பார்வையில் 1823-இல் அது முடிந்தது. பாறையை உடைத்தவர்கள் பயனியர் படையினரும் சிறைக் கைதிகளுமே. வரலாற்றில் பெயர் எழுதப்படுவது பாதை போட ஆணையிட்டவருக்குத்தான். கல் சுமந்தவனின் பெயர் எழுதப்படுவதில்லை. என் தந்தை கொத்தனார் என்பதால் இதை நான் சற்று அழுத்திச் சொல்கிறேன் என்று யாரேனும் நினைத்தால் அதில் தவறில்லை.

1822-இல் ஊட்டியில் கல் வீட்டின் வேலை தொடங்கியது. மலை மக்கள் அதைக் கல் பங்களா என்றே அழைத்தனர். ஆங்கிலத்தில் ஸ்டோன் ஹவுஸ் என்ற பெயர் நிலைத்தது. ஊட்டியில் எழுந்த முதல் ஐரோப்பியர் வீடு அதுதான். சலிவனின் மனைவி ஹென்றியட்டாவும் மலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே குடியேறிய முதல் ஐரோப்பியப் பெண்மணி அவரே என்பர். வீட்டைச் சுற்றித் தோட்டம் எழுந்தது. இங்கிலாந்திலிருந்து தோட்டக்காரர் ஒருவரும் தருவிக்கப்பட்டார். ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெரி போன்ற கனிகளும், உருளைக்கிழங்கு முதலிய காய்கறிகளும், கோதுமை, பார்லி வகைகளும் பயிரிட்டுப் பார்க்கப்பட்டன. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் முதலியவற்றை இங்கிலீஷ் காய் என்று நம் கோயம்பேட்டு வியாபாரிகள் இன்றும் சொல்லக் கேட்கிறோம். அந்த இங்கிலீஷ் காய்கறி விவசாயம் நம் மலைகளில் வேர்விட்ட தொடக்கக் கதையில் சலிவனின் தோட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு.

பிறகு ஏரி. இன்று படகுக்கு வரிசையில் நிற்கும் மக்களில் பலர் அதை இயற்கை ஏரி என்றே நினைக்கிறார்கள். 1823-க்கும் 1825-க்கும் இடையே ஓடைகளை மறித்துக் கரை போட்டு வெட்டிய செயற்கை ஏரி அது. கோடையில் மலையடிவாரத்துப் பாசனத்துக்கு நீர் தேக்கி வைக்கலாம் என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது. கலெக்டர் வேலை பார்த்தவருக்கு வயலும் வரியும் மறந்துவிடுமா? அன்றைய ஏரி இன்றிருப்பதைவிட மிகப் பெரியது. பின்னாளில் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் குதிரைப் பந்தயத் திடலும் சந்தையும் பேருந்து நிலையமும் வந்தன. ஏரியைத் தூர்த்து ஊரைப் பெருக்குவது பள்ளிக்கரணைப் பக்கத்து வழக்கம் மட்டும்தான் என்று இதுவரை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்!

1826 செப்டம்பரில் சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ ஊட்டிக்கு வந்து சலிவனின் விருந்தினராகத் தங்கினார். ஆளுநரே வந்து போன பிறகு புதிய குடியிருப்பின் மதிப்பு உயர்ந்தது. ஆனால் மன்றோ மறு ஆண்டு ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தார். அவருக்குப் பின் ஆளுநராக வந்தவர் ஸ்டீபன் லஷிங்டன். சலிவனின் வாழ்க்கையில் திருப்பம் இவரால் வந்தது.

இனி நிலத்தைப் பற்றிய அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

சலிவன் ஊட்டியில் ஏராளமான நிலம் வைத்திருந்தார். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் வாங்கினார் என்று பலரும் எழுதியுள்ளனர். அங்கிருந்த மற்ற ஐரோப்பியர் எவரும் அவருக்கு ஈடாக நிலம் வைத்திருக்கவில்லை. மாவட்டக் கலெக்டர் தம் மாவட்டத்திலேயே இப்படி நிலம் சேர்ப்பது முறையா என்று அன்றே கேள்வி எழுந்தது. எழுந்தது நியாயமே. காசின் புழக்கத்தை முன்பின் அறியாத மக்களிடம், அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருந்தவர், ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கியதை வியாபாரம் என்று சொல்ல என் நா எழவில்லை.

ஆனால் இதே மனிதர்தாம் இன்னொன்றையும் செய்தார். இந்த மலையின் மண் தோடருக்கே உரியது, ஆகையால் அரசாங்கமே ஆயினும் அவர்களுக்கு ஈடு கொடுக்காமல் ஒரு துண்டு நிலத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அரசுக்கு எழுதினார். அதற்கு அவர் காட்டிய சான்று எளிமையானது. படகரும் பிறரும் தாங்கள் உழும் நிலத்துக்காக விளைச்சலில் ஒரு பங்கைத் தோடருக்குத் தொன்றுதொட்டுக் கொடுத்து வந்தனர். உரிமை இல்லாதவனுக்கு ஊர் ஏன் பங்கு கொடுக்கப் போகிறது? லஷிங்டன் இதை ஏற்கவில்லை. தோடருக்கு இருப்பது எருமை மேய்க்கும் உரிமை மட்டுமே, மண்ணுக்கு உரியது அரசாங்கம் என்பது அவருடைய கட்சி. சலிவன் தாம் வாங்கிய நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே தோடருக்காக வாதாடினார் என்று அன்று சிலர் பேசினர். தோடருக்கு உரிமை உண்டு என்றால்தானே அவர்களிடமிருந்து வாங்கியவரின் பத்திரம் செல்லும்! இந்தச் சந்தேகத்தை நாமும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், ஊட்டியை விட்டுப் போன பிறகும், வருவாய் வாரியத்தில் இருந்தபோதும், அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் எடைபோட வேண்டும்.

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது. என் பெற்றோர் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் தாம்பரத்துக்கு வந்தவர்கள். முடிச்சூர்ப் பக்கம் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டு வரி ரசீது இருக்கிறது, மின் கட்டண அட்டை இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்துபோன அந்தத் தாள்களை என் தாய் ஒவ்வொன்றாக உலர்த்தி எடுத்து வைத்தார். பட்டா ஒன்றுதான் இல்லை. ஏட்டில் அந்த இடம் புறம்போக்கு. என் தந்தை எத்தனையோ மனு எழுதினார். கல்லூரியில் சேர்ந்தது முதல் அவற்றை எழுதுவது என் வேலையாயிற்று. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் தாள் இல்லாதவனுக்கு மண் இல்லை என்பதுதான் எங்களுக்குக் கிடைத்து வரும் விடை. தாள் என்ற ஒன்றே இல்லாத மக்களுக்கும் மண்ணில் உரிமை உண்டு என்று, 200 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கலெக்டரே அரசுக்கு எழுதியிருக்கிறார் என்று படித்தபோது, நூலகத்தில் அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

லஷிங்டன் வெறும் வாதத்தோடு நிற்கவில்லை. ஊட்டியில் படை அதிகாரி ஒருவரைத் தளபதியாக அமர்த்தினார். மேஜர் கெல்சோ என்பவர் வந்தார். கலெக்டரின் ஆட்சி குறைந்து படையினரின் ஆட்சி ஓங்கியது. 1829-இல் அடிக்கல் இடப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயம் 1830 நவம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. அதன் உத்தரங்களுக்குச் சீரங்கப்பட்டணத்துத் திப்புவின் அரண்மனையிலிருந்து மரம் கொண்டுவந்தார்கள். அதே 1830-இல் ஊட்டியும் மலையின் மேற்குப் பகுதியும் கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டன. தாம் உருவாக்கிய ஊர் தம் எல்லைக்கு வெளியே போவதைச் சலிவன் கண்ணாரக் கண்டார். அவ்வாண்டே அவர் கோயம்புத்தூர்ப் பதவியை விட்டு இங்கிலாந்து திரும்பினார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் இந்தியா வந்தார். வருவாய் வாரியத்தின் மூத்த உறுப்பினராகவும், பின்னர் ஆளுநரின் ஆலோசனைச் சபை உறுப்பினராகவும் உயர்ந்தார். பதவி உயர்ந்த அந்த ஆண்டுகளில்தான் வீட்டில் இடி விழுந்தது. 1838-இல் மகள் ஹேரியட்டும் மனைவி ஹென்றியட்டாவும் அடுத்தடுத்து இறந்தனர். இருவரையும் ஊட்டியில் புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். எந்த மலைக்காற்று நோய் தீர்க்கும் என்று அவர் ஊருக்கெல்லாம் எழுதினாரோ அந்த மலையிலேயே தம் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தார். 1841-இல் ஓய்வு பெற்று நிரந்தரமாகத் தாய்நாடு சென்றார்.

தோடர் வழக்கின் முடிவு 1843-இல் வந்தது. மேய்ச்சல் உரிமைக்கு மேல் தோடருக்கு ஒன்றும் இல்லை என்று கும்பினி ஆட்சி தீர்த்துவிட்டது. அவர்களுடைய மந்துகளுக்கும் கோயில்களுக்கும் ஊறு செய்யக் கூடாது என்று மட்டும் ஒரு காப்பு கொடுத்தது. படைக் குடியிருப்புக்காக எடுத்த நிலத்துக்கு ஈடாக ஆண்டுக்கு 150 ரூபாய் கொடுத்தார்கள். அதே ஆண்டில் ஊட்டி கோயம்புத்தூருடன் மீண்டும் சேர்க்கப்பட்டது. 1843-ஐ எங்கள் துறையார் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் கொள்வர். ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரம் நீலகிரிக்கு வந்த ஆண்டும் அதுவே. தோடர் எருமை மேய்த்த புல்வெளி தரிசு என்று ஏட்டில் எழுதப்பட்டுவிட்டபடியால், அதன்மேல் தைலமரத்தையும் சீகை மரத்தையும் நடுவதற்குப் பின்வந்தவர்கள் தயங்கவில்லை. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து ஆண்டு முழுவதும் ஓடைகளுக்குக் கசியவிட்ட புல்வெளிகளும் சோலைக்காடுகளும் அவ்வாறு சுருங்கின. புல்வெளி என்பது மரம் இல்லாத வெற்றிடம் அன்று, தனியானதொரு வாழிடம் என்று நமக்கு வகுப்பில் கற்பிக்கிறார்கள். தாவரவியல் இதைச் சொல்வதற்கு முன்பே எருமை மேய்த்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

ஓய்வு பெற்ற வெள்ளை அதிகாரிகளில் பலர் பென்ஷன் வாங்கிக்கொண்டு இந்தியாவை மறந்தனர். சலிவன் மறக்கவில்லை. லண்டனில் கும்பினிப் பங்குதாரர் மன்றத்தில் எழுந்து நின்று கும்பினிக்கு எதிராகவே பேசினார். சதாரா அரசை 1848-இல் டல்ஹவுசி பறித்துக்கொண்டது முறையன்று என்றார். இந்திய மன்னர்களோடு செய்த உடன்படிக்கைகளை ஆங்கிலேயர் காப்பாற்ற வேண்டும் என்று 1853-இல் ஒரு நூலே வெளியிட்டார். இந்தியர்களுக்கு உயர் பதவிகள் தர வேண்டும் என்றும் வாதாடினார். கங்கைக் கரையின் செல்வத்தை ஈரப்பஞ்சைப் போல உறிஞ்சித் தேம்ஸ் கரையில் பிழியும் ஆட்சி இது என்று அவர் செய்த ஒப்புமை, பிற்காலத்தில் நம் நாட்டுச் செல்வம் சுரண்டப்படுவதைப் பற்றி எழுதிய இந்தியத் தலைவர்களுக்கும் வரலாற்றாசிரியர்களுக்கும் பெரிதும் பயன்பட்டது. நம் பாடநூல்களில் பெயர் இல்லாமல் கூட அந்த ஒப்புமையை நாம் படித்திருக்கிறோம். ஊட்டியை நிறுவியவரின் வாய்ச்சொல் அது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

இதனால் அவரை நம் விடுதலைப் போராட்டத்துக்கு முன்னோடி என்று தூக்கி வைக்க நான் முற்படவில்லை. ஆங்கில ஆட்சி போக வேண்டும் என்று அவர் கருதியவர் அல்லர். வாக்குத் தவறினால் அது நிலைக்காது என்று கருதினார், அவ்வளவே. அவர் காலமாகி இரண்டே ஆண்டுகளில், 1857-இல், வட இந்தியா கொதித்தெழுந்தது.

ஊட்டி பின்னர் வளர்ந்த கதையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1866-இல் நகராட்சி ஆயிற்று. 1868-இல் நீலகிரி தனி ஆட்சிப் பகுதியாகி, பிரீக்ஸ் என்பவர் கமிஷனராக வந்தார். 1882-இல் கலெக்டரைக் கொண்ட மாவட்டமாயிற்று. கோடைக்காலத்தில் சென்னை மாகாண அரசாங்கமே கோப்புகளோடு மலையேறிப் போய் அங்கிருந்து ஆண்டது. மலை ரயில் 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்து சேர்ந்தது. கல் பங்களா அரசு அலுவலகங்களுக்குப் பயன்பட்டது. 1955-இல் அரசு கலைக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அது கல்லூரியின் வசமாயிற்று. 2022-இல் ஊட்டிக்கு வயது 200 என்று அரசு விழா எடுத்தபோது சலிவனின் பெயர் மீண்டும் நாளிதழ்களில் வந்தது.

சலிவன் 1855 ஜனவரி 16-ஆம் நாள் காலமானார். லண்டனுக்கு மேற்கே ஸ்லௌ நகருக்குப் பக்கத்தில் அப்டன் என்னும் சிற்றூரில் புனித லாரன்ஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்தனர். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் அடக்கமாகியிருப்பதும் அதே தேவாலயத்தில்தான். இயற்பியல் துறை நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்! ஹெர்ஷலின் கல்லறையைத் தேடிப் பலரும் வந்தனர். சலிவனைத் தேடி வெகுகாலம் ஒருவரும் வரவில்லை. செடி மூடிக் கிடந்த அந்தக் கல்லறையை, 2009-இல் நீலகிரியின் வரலாற்றில் ஆர்வம் கொண்ட அம்மலையைச் சேர்ந்தவர்களே தேடிச் சென்று அடையாளம் கண்டனர்.